ஆலையில் பிறந்த ரீலும் கடிகாரப் பட்டறையில் பிறந்த ரீலும்

ராடும் ரீலும் வாங்கி மீன்பிடிக்க ஆசைப்படுகிறவர் முதலில் திணறுவது ரீலில்தான். கடைக்காரர் எதிரே இரண்டு வகை எடுத்து வைப்பார். ஒன்று ராடுக்குக் கீழே தொங்குவது. அதன் ஸ்பூல் ராடின் நுனியைப் பார்த்து நிற்கும்; வளைந்த ஒரு கம்பி ஸ்பூலைச் சுற்றி ஓடி நரம்பைச் சுற்றும். இது ஸ்பின்னிங் ரீல். மற்றொன்று ராடின் மேலே ஏறி உட்கார்வது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் ஸ்பூல் குறுக்காகக் கிடந்து தானே உருளும். இது பெயிட்காஸ்டர். பழகாதவருக்கு முதலாவது, கைதேர்ந்தவருக்கு இரண்டாவது என்று கடையிலும் கரையிலும் சொல்வார்கள். இந்தப் பேச்சை நம்பி, ‘முன்னேறிவிட்டோம்’ என்று காட்டுவதற்காகவே பெயிட்காஸ்டர் வாங்கி, சிக்கெடுத்துச் சிக்கெடுத்துச் சலித்து, ராடையே பரணில் போட்டவர்கள் பலர். இரண்டும் ஒரே படிக்கட்டின் கீழ்ப்படியும் மேல்படியும் அல்ல. எவ்வளவு எடையை எறிகிறோம், எந்தக் காற்றில் எறிகிறோம், மீனுக்கும் நமக்கும் நடுவே என்ன கிடக்கிறது என்ற மூன்று கேள்விகள்தான் ரீலைத் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் அவற்றின் குணம் எளிதாகப் பிடிபடும்.

பெயிட்காஸ்டரின் பூர்வீகம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். அங்கே பாரிஸ் என்ற சிற்றூரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் வெள்ளி வேலையும் கடிகார வேலையும் செய்துவந்தார். 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில், தன் கடிகாரச் சக்கரங்களின் நுட்பத்தைக் கொண்டு ஒரு ரீலைச் செய்தார். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் பல சுற்று சுற்றும் பல்சக்கர ரீல்கள் இங்கிலாந்தில் முன்பே இருந்தவைதான். ஸ்னைடர் சேர்த்தது நேர்த்தி. ஸ்பூல் உராய்வே இல்லாததுபோல் உருண்டதால், அதிலிருந்து நேராக இரையை எறிய முடிந்தது. அவருக்குப் பின் இந்தக் கலையை வளர்த்த மீக் சகோதரர்களும் கடிகாரக்காரர்களே. நூறாண்டு கழித்துச் சுவீடனில் மறுபடியும் அதே கதை நடந்தது. ஸ்வேங்ஸ்டா என்ற ஊரில் 1921இல் பைக்கடிகாரம் செய்யத் தொடங்கப்பட்ட ஆபு நிறுவனம், டாக்ஸி மீட்டர் வழியாக ரீலுக்கு வந்து, 1952இல் ‘அம்பாசடர் 5000’ என்ற பெயிட்காஸ்டரை வெளியிட்டது. இன்றும் பலர் தேடி வாங்கும் ரீல் அது.

ஸ்பின்னிங் ரீல் பிறந்தது பஞ்சாலை உலகில் என்றே சொல்லலாம். சரியாகச் சொன்னால் கம்பளி ஆலையில். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் ஆலை நடத்திய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், தறிக்குப் போகும் நூல் கண்டிலிருந்து எப்படிப் பிரிகிறது என்பதைப் பார்த்து இந்த அமைப்பை எண்ணியதாகச் சொல்வார்கள். கோவையிலோ இராஜபாளையத்திலோ ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்டு அசையாமல் நிற்கும்; நூல் அதன் முனை வழியே வளையம் வளையமாகக் கழன்று போகும். சுற்ற வேண்டிய பாரம் எதுவும் இல்லாததால் மெல்லிய நூல்கூட அறுவதில்லை. இதையே ரீலாக்கி இல்லிங்வொர்த் 1905இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்னால், 1884இல், ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்து மல்லாக் என்பவர் இதை ஒட்டிய ஒரு வழி கண்டிருந்தார். எறியும்போது ஸ்பூலை முன்பக்கமாகத் திருப்பி நிறுத்துவது, சுற்றும்போது பழையபடி பக்கவாட்டில் திருப்பிக்கொள்வது என்பது அவர் முறை. எறியும்போது நரம்பில் ஏறிய முறுக்கு, சுற்றும்போது இறங்காமல் அப்படியே தங்கியது அதன் குறை. ஸ்பூலைத் திருப்பாமல், அதைச் சுற்றி ஒரு கரத்தை ஓடவிட்டு இல்லிங்வொர்த் அந்தக் குறையைத் தீர்த்தார்.

மதராஸ் மாகாண ஆட்சிப்பணியில் இருந்த எச். எஸ். தாமஸ், நம் தென்னாட்டு ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ நூலை எழுதியபோது இப்படி ஒரு ரீல் உலகிலேயே கிடையாது. பின்னாளில் அது பரவியதற்கு நைலான் நரம்பு ஒரு முக்கியக் காரணம். 1930களின் இறுதியில் நைலான் வந்து, பட்டு நரம்பைப்போல் நனைந்து ஊறாத மெல்லிய இழை கைக்கு எட்டிய பிறகுதான் ஸ்பின்னிங் ரீல் எல்லோர் கையிலும் ஏறியது. போருக்குப் பின் அதை உலகெங்கும் கொண்டுபோன மிட்செல் ரீல், பிரான்சின் குளூஸ் நகரில் உருவானது. அதுவும் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஊர்! ஆலையில் பிறந்த பிள்ளையும் வளர்ந்ததென்னவோ கடிகாரக்காரர்களின் மடியில்தான்.

இனி எறிதலுக்கு வருவோம். வேறுபாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பெயிட்காஸ்டரில் எறியும்போது, பறக்கும் லூர், அதாவது செயற்கை இரை, தன் பலத்தால் ஸ்பூலை இழுத்து உருட்ட வேண்டும். 34 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்பூல் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நரம்பை விடும். லூர் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கிளம்பினால், அசையாமல் இருந்த ஸ்பூல் கண்ணிமைக்கும் நேரத்தில் நொடிக்கு 180 சுற்றுக்கு மேல் எட்டியாக வேண்டும். 3 கிராம் லூருக்குப் பெரும்பாலும் அந்தப் பலம் கிடையாது, காலடியிலேயே விழுந்துவிடும். 15 கிராம் லூர் உற்சாகமாக உருட்டும். ஆனால் சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. காற்றில் போகப்போக லூரின் வேகம் குறைகிறது. உருளத் தொடங்கிய ஸ்பூலுக்கோ நிற்க மனமில்லை. லூர் கேட்பதைவிட அதிக நரம்பை ஸ்பூல் தள்ளிவிட, தளர்ந்த நரம்பு எழும்பி, வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, நொடிப்பொழுதில் குருவிக்கூடாகிவிடும். தூண்டில்காரர்கள் பேக்லாஷ் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது இதைத்தான். ஸ்னைடர் தந்த நேர்த்தியே இங்கே எதிரியாகிறது. உராய்வு குறையக் குறைய எறியும் தூரம் கூடும், சிக்கும் கூடும்.

இதைத் தடுக்கத்தான் இன்றைய பெயிட்காஸ்டர்களில் மூன்று வகைக் காவல் வைத்திருக்கிறார்கள். ஸ்பூலின் அச்சைப் பக்கவாட்டில் அழுத்தும் குமிழ் ஒன்று. சுழற்சியின் வேகத்தால் சிறு கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு உரசும் பிரேக் ஒன்று. காந்தத்தால் இழுத்துப் பிடிக்கும் பிரேக் இன்னொன்று. பெரும்பாலான ரீல்களில் குமிழோடு பின்னிரண்டில் ஏதேனும் ஒன்று இருக்கும். லூரை மாற்றும்போதெல்லாம் குமிழையும் சரிபார்க்க வேண்டும். ராடை நீட்டிப் பிடித்து ஸ்பூலை விடுவித்தால் லூர் மெதுவாக இறங்க வேண்டும். அது தரையைத் தொட்ட கணத்தில் ஸ்பூலும் நிற்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் கடைசிக் காவல் நம் கட்டைவிரல்தான். ஸ்பூலின் மேல் இறகுபோல் பட்டும் படாமலும் கிடந்து, லூர் நீரைத் தொடும் நேரத்தில் அழுத்தி நிறுத்த அது பழக வேண்டும். பழகிய விரல் பெயிட்காஸ்டரில் லூரை ஒரு தாம்பாளத்தின் அளவிலான இடத்தில் கொண்டுபோய் இறக்கும். இந்தக் குறிதான் அதன் பெருமை.

ஸ்பின்னிங் ரீலில் இந்தப் போராட்டம் எதுவும் இல்லை. ஸ்பூல் நிற்கிறது, நரம்பு அதன் விளிம்பு வழியே கழன்று போகிறது. லூருக்குத் தன்னையும் நரம்பையும் இழுத்தால் போதும். 3 கிராம் லூரும், சின்ன ஈயமணி கட்டிய ஓர் உயிர் இறாலும் போக வேண்டிய தூரத்துக்குப் போகும்.

ஆனால் அதற்கும் ஒரு தீராத நோய் உண்டு, முறுக்கு. எறியும்போது ஒவ்வொரு வளையமும் நரம்பில் ஒரு முறுக்கை ஏற்றும். கரம் சுற்றும்போது அது இறங்கிவிடும். கணக்கு நேர். மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியான டிராக் வழுக்கிக்கொண்டிருக்கையில், பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றினால்தான் கணக்கு கெடுகிறது. நரம்பு உள்ளே வருவதில்லை. கரம் மட்டும் ஓடுகிறது. 5க்கு 1 விகிதமுள்ள ரீலில் கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து முறுக்கு நரம்பில் ஏறும். அடுத்த எறிதலில் அந்த நரம்பு சுருண்டு, ராடின் வளையத்தில் முடிச்சாக மாட்டும். டிராக் பாடும்போது கை சும்மா இருக்கட்டும். எறிந்தபின் வளைகம்பியைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையாலேயே மடக்கி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிக்கொண்டு சுற்றத் தொடங்குங்கள். ஸ்பூலை விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறையவே நிரப்புங்கள். அதற்குமேல் நிரப்பினால் வளையங்கள் கொத்தாகக் கழன்று விழும். மிகவும் குறைத்தால் விளிம்பில் உரசித் தூரம் போகாது. இந்த மூன்றையும் வழக்கமாக்கிக்கொண்டவருக்கு ஸ்பின்னிங் ரீல் பெரும்பாலும் தொல்லை தராது.

நம் கரைகளில் எது பொருந்தும்? சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை கடற்கரையில் நின்று எறிகிறவருக்கு விடை தெளிவானது. பிற்பகலிலிருந்து காற்று கடலிலிருந்து நம் முகத்துக்கே வீசும். எதிர்காற்றில் லூர் சட்டென்று வேகம் இழக்கும். பெயிட்காஸ்டரின் ஸ்பூல் அதை அறியாமல் உருண்டுகொண்டிருக்கும். மேலே சொன்ன பேக்லாஷுக்கு இதைவிடத் தோதான நிலைமை கிடையாது. அந்தி சாய்ந்த பிறகு, கையில் டார்ச்சோடு, உப்புக்காற்றில் நின்று குருவிக்கூட்டைப் பிரிப்பது வதை. பிரிக்க முடியாமல் வெட்டிப் போடும் நரம்பு மணலில் கிடந்து பறவைகளின் காலைச் சுற்றும், ஆமையின் வயிற்றுக்குள்ளும் போகும். கரையில் நின்று மத்தித் துண்டோடு ஈயக்குண்டு கட்டி எறிவதற்கும், வெள்ளி மினுக்கும் சின்ன லூரைச் சீலாவுக்கும் பாறைக்கும் எறிவதற்கும் ஸ்பின்னிங் ரீலே தகும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

ஏரிக்கும் கண்மாய்க்கும் போனால் தராசு மறுபக்கம் சாய்கிறது. விரால் கிடப்பது தாமரையும் அல்லியும் ஆகாயத்தாமரையும் மூடிய நீரில். அங்கே எறிவது ரப்பர் தவளை. எடை பெரும்பாலும் 10 முதல் 15 கிராம் வரை இருக்கும், பெயிட்காஸ்டருக்கு அளவெடுத்ததுபோல. இலைகளுக்கு நடுவே தெரியும் ஒரு சாண் நீர்வெளியில் தவளை விழ வேண்டும். இலைமேல் தத்தித் தத்தி வந்து அந்த இடைவெளியில் இறங்கும்போது விரால் அடிக்கும். அடித்த வேகத்தில் தாமரைத் தண்டுகளுக்குள் தலையைச் செருகும். அந்த நேரத்தில் நரம்பு விட்டுக்கொடுத்தால் மீன் போயிற்று. 40, 50 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பும், இறுக்கி வைத்த டிராக்கும், மீனையும் அதன்மேல் சுற்றிய தண்டுகளையும் சேர்த்து இழுத்துவரும் பிடியும் வேண்டும். பெயிட்காஸ்டரில் நரம்பு நேராக ஸ்பூலில் வந்து சேர்கிறது. ஸ்பின்னிங் ரீலில் அது வளைகம்பியின் உருளையில் ஏறி, கிட்டத்தட்டச் செங்கோணமாகத் திரும்பிச் சுற்றப்படுகிறது. பாரம் ஏறும்போது அந்தத் திருப்பத்தில் பலம் வீணாகும். மேலும் ஒரு கையால் எறிந்து, அதே கையின் கட்டைவிரலால் நிறுத்தி, தவளை நீரைத் தொட்ட மறுகணமே சுற்றத் தொடங்கலாம். தாமரைக் குளத்துக்கு வாங்குவதானால் பெயிட்காஸ்டர்தான்.

குறி தப்பாமல் எறிய முடிகிறது என்பதற்காக எங்கும் எறிந்துவிடக் கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். செம்மஞ்சளாகத் திரண்டு நீர்மட்டத்தில் கொப்பளிக்கும் விரால் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் தாய்தகப்பன் காவல் இருக்கும். அங்கே விழுகிற எதையும் அது தாக்கும், பசிக்காக அல்ல, குஞ்சுகளுக்காக. அந்த மீனை எடுத்துவிட்டால் மொத்தக் கூட்டமும் மற்ற மீன்களுக்கு இரையாகும். குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் ராடை மடக்கிக்கொண்டு அடுத்த கரைக்கு நடந்துவிடுவதுதான் முறை.

முட்டுக்காடு, எண்ணூர் போன்ற கழிமுகங்களில் இரண்டுக்கும் வேலை இருக்கிறது. சிப்பி ஒட்டிய பாலத்தூண்களின் ஓரம் கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் எறிகிறவர், மாட்டிய மீனைத் தூணுக்குள் ஓடவிடாமல் தடுக்கப் பெயிட்காஸ்டரை நம்பலாம். திறந்த நீரில், காற்றோடு, உயிர் இறாலைத் தக்கையில் மிதக்கவிடுகிறவருக்கு ஸ்பின்னிங் போதும். ஒன்றை மட்டும் எடுத்துப் போக முடியுமென்றால் நான் இங்கும் ஸ்பின்னிங்கையே எடுப்பேன். பின்னல் நரம்பு 1990களில் பரவிய பிறகு, 30 பவுண்டு தாங்கும் இழையும் மெல்லியதாகவே கிடைக்கிறது. தடித்த நைலானைச் சுற்றினால் விறைத்துத் துள்ளி வெளியேறும் என்று ஸ்பின்னிங் ரீலின்மேல் இருந்த பழைய குற்றச்சாட்டு இப்போது பெரும்பாலும் செல்லாது.

பெரிய மீனுக்குப் பெயிட்காஸ்டர்தான் என்று சொல்வதும் பாதி உண்மையே. அந்தமானில் பெரும்பாறை மீனுக்கு 100 கிராமைத் தாண்டும் பாப்பர் லூர்களைப் பவளப்பாறைகளின் விளிம்பில் நாள் முழுக்க எறிகிறவர்கள் கையில் இருப்பது பெரிய ஸ்பின்னிங் ரீல்கள். ஷிமானோவின் ஸ்டெல்லாவும் டைவாவின் சால்டிகாவும் அந்த வேலைக்கென்றே பெரிய அளவுகளில் வருகின்றன. தூரம் எறிய வேண்டும், மாட்டிய மீனை உடனே தடுக்கவும் வேண்டும் என்ற இரட்டைத் தேவையை அவை நிறைவேற்றுகின்றன. எறியாமல் படகிலிருந்து லூரை இழுத்துப்போகும் ட்ரோலிங்குக்குத்தான் உருளும் ஸ்பூல் கொண்ட பெரிய ரீல்களின் ஆட்சி. அங்கே பேக்லாஷ் என்ற பேச்சுக்கே வேலை இல்லை. ஆகவே பலம் ரீலின் வகையைவிட அதன் அளவையும் தரத்தையும் பொறுத்தது. தாமரைக் குளத்தைப் பற்றி நான் சொன்ன வேறுபாடு, கைக்கு அடங்கும் சிறு ரீல்களுக்கு இடையே உள்ளது.

விலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. மலிவான ஸ்பின்னிங் ரீல் நன்றாக எறியும். ஓராண்டில் தேய்ந்து போகலாம், அவ்வளவுதான். மலிவான பெயிட்காஸ்டர் முதல் நாளே எறியாது. ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் இடையே இருக்கும் மயிரிழை இடைவெளி, பேரிங்கின் சுத்தம், பிரேக்கின் ஒழுங்கு ஆகிய மூன்றின்மேல்தான் அது நிற்கிறது. கடிகாரக்காரனின் பிள்ளை அல்லவா; நுட்பம் குறைந்தால் உயிரே போய்விடும். கையில் பணம் குறைவென்றால் அதே தொகைக்கு ஸ்பின்னிங் ரீல் வாங்குவதே புத்தி. லேசான லூரையும் எறிய வல்ல, ஜப்பானியர் பழக்கத்துக்குக் கொண்டுவந்த மெல்லிய ஸ்பூல் பெயிட்காஸ்டர்கள் வந்துவிட்டன. ஆனால் அவை எடை குறையக் குறைய விலை ஏறுகிறவை. ஸ்பின்னிங் ரீல் சாதாரணமாகச் செய்யும் வேலைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

உப்புக்கு இரண்டும் பலியாகும். ஸ்பின்னிங்கில் முதலில் கெடுவது வளைகம்பியின் முனையில் நரம்பு ஓடும் சிறு உருளை. பெயிட்காஸ்டரில் நரம்பை இடவலமாகப் பரப்பும் திருகுத்தண்டு. அதில் மணல் ஒரு பொடி ஏறினாலும் அரைக்கும். கடலிலிருந்து திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவி, காய்ந்தபின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். குழாயை வேகமாகப் பீய்ச்சினால் உப்பு வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளே போகும்.

ரீல் வாங்குவது ராடையும் சேர்த்து வாங்குவதுதான் என்பதை மறக்க வேண்டாம். ஸ்பின்னிங் ராடின் முதல் வளையம் பெரியது. சுழன்று வரும் நரம்பை அடக்க அது வேண்டும். பெயிட்காஸ்டர் ராடின் வளையங்கள் சிறியவை, மேல்பக்கம் பார்த்தவை. பிடியில் விரல் மாட்ட ஒரு கொக்கி இருக்கும். ஒன்றின் ராடில் மற்றதைப் பூட்டினால் இரண்டும் கெடும்.

என் தீர்ப்பு இது. முதல் ரீல் ஸ்பின்னிங்காக இருக்கட்டும். 3000 அல்லது 4000 அளவு, 15 அல்லது 20 பவுண்டு பின்னல் நரம்பு, ஏழெட்டு அடி ராடு. இதைக் கொண்டு குளம், கழிமுகம், கடற்கரை மூன்றிலும் நிற்கலாம். தாமரைக் குளத்து விரால் உங்களைத் தொடர்ந்து இழுக்கிறது என்று தெரிந்த பிறகு, நல்லதாக ஒரு பெயிட்காஸ்டர் வாங்குங்கள்; வீட்டு மொட்டைமாடியிலோ மைதானத்திலோ கொக்கி இல்லாத எடையைக் கட்டிக் கட்டைவிரலைப் பழக்கிவிட்டுக் கரைக்குப் போங்கள். வாங்கும்போது கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக் கேளுங்கள். ஸ்பின்னிங் ரீலில் அதைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். பெயிட்காஸ்டரில் மாற்ற முடியாது.